உங்கள் எலும்புகளைக் கேட்டுப் போனேன்

அண்ணை,

உங்கள் கல்லறைக் கல்லில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தார்கள். முதியோர் இல்லத்தில் காலை வேலை முடித்து, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வந்தபோது கண்டேன். கல்லறைத் தோட்ட அலுவலகத்தோடு தொடர்புகொள்ளும்படி நான்கு வரி. வாசித்து முடிப்பதற்குள்ளேயே களைத்துவிட்டேன். செத்தவனுக்கும் இந்த நாட்டில் விசா முடியுதோ என்று நீங்கள் சிரித்திருப்பீர்கள்.

அலுவலகத்தில் இருந்த பெண் தன்மையாகத்தான் பேசினாள். இருபத்தைந்து வருடத் தவணை முடிந்துவிட்டது, இந்த மாதிரி வரிசைக் கல்லறைகளுக்கு நீடிப்புக் கிடையாது, கல்லை எடுத்துவிட்டுப் புல் விதைப்போம் என்றாள்.

"எலும்புகள்?"

"அவை அங்கேயே இருக்கும்."

"எடுத்துச் சொந்த ஊருக்கு அனுப்ப முடியுமா?"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கள் அவருக்கு என்ன உறவு?"

"ஒரே வீட்டில் இருந்தோம்."

இரத்த உறவு ஒருவரின் கையெழுத்தோடு, ஜெர்மனில் அன்ராக் என்கிற விண்ணப்பம் போட வேண்டும் என்று படிவத்தைத் தந்தாள். அதில் காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. நீங்கள் கேட்டீர்கள் என்று எழுதினால் ஏற்பார்களா?

நீங்கள் கேட்டது நன்றாக நினைவிருக்கிறது. நாம் இருவரும் அகதி விடுதியை விட்டு வெளியேறி அந்த இரண்டறை வீட்டை எடுத்த பிறகு, உங்கள் வேதக் கோயில் ஆட்களோடு எருசலேம் போய் ஒரு கட்டுப் படங்களோடு வந்தீர்கள். நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். சைவக்காரனான எனக்கு எல்லாப் படமும் பாறையில் ஓட்டையாகத்தான் தெரிந்தது. நீங்கள் விடவில்லை.

"இதுதான் அந்தக் காலத்துக் கல்லறை வாசல். குனிஞ்சுதான் போகவேணும். உள்ளுக்குப் பாறையிலயே வெட்டின மேடை. உடம்பைக் கழுவி, வாசனைத் தைலம் பூசி, துணியால சுத்தி இதில கிடத்துவினம். பொழுதுபட முதல் எல்லாம் முடிஞ்சிட வேணும்."

"பிறகு?"

"கல்லை உருட்டி மூடுறது. ஒரு வருசம் போக, மகன் வந்து எலும்பைப் பொறுக்கிச் சின்னக் கல்லுப்பெட்டியில வைப்பான். மேடை அடுத்த ஆளுக்கு. பாட்டன், தகப்பன், மகன் எல்லாரும் அந்த ஒரு குகைக்குள்ளதான் தம்பி."

பிறகு பஞ்சத்துக்குப் பிள்ளைகளோடு எகிப்துக்குப் போன ஒரு முதியவரின் கதையைச் சொன்னீர்கள். சாகும்போது அவர் மகனிடம் சத்தியம் வாங்கினாராம், தன்னை அந்நிய மண்ணில் விடக்கூடாது, தகப்பன் கிடக்கும் குகைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று. நீங்கள் சத்தியம் எதுவும் கேட்கவில்லை. படங்களை அடுக்கிக்கொண்டே, "என்னையும் இங்க விட்டிடாத. அம்மாவுக்குப் பக்கத்தில வை" என்றீர்கள்.

"ஓம் அண்ணை."

வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னேன். அவ்வளவு லேசாக.

அடுத்த மாரிக்குள் உங்கள் இதயம் நின்றுவிட்டது. உங்கள் ஊர் அப்போது இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. உயிரோடு இருந்தவர்களே போக முடியாத இடத்துக்குப் பெட்டியை எப்படி அனுப்புவது? இங்கேதான் புதைத்தேன். அதற்கும் பத்திரங்கள் வந்து சேர ஒன்பது பொழுதுகள் பட்டன.

இப்போது இராணுவம் ஊரைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. அதனால்தான் படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டு உங்கள் தங்கச்சிக்குப் போன் எடுத்தேன்.

"உங்கட கையெழுத்து ஒண்டு வேணும் அக்கா. அண்ணையை அம்மாவுக்குப் பக்கத்தில கொண்டுவந்து வைப்பம்."

"தம்பி, ஆமி ஊரை விட்ட உடன போய்ப் பாத்தனாங்கள். அம்மாவைப் புதைச்ச சேமக்காலையே இல்லை. ஒரு சிலுவைகூட இல்லை. மேலால தார் ரோட்டுப் போகுது. அம்மா எங்க கிடக்கிறா எண்டு எங்களுக்கே தெரியாது. நீங்கள் எங்க கொண்டுவந்து வைக்கப்போறீங்கள்?"

பேனையை மூடி வைத்தேன்.

"அண்ணா உங்களோடயே இருக்கட்டும். உங்களை விட்டா அவருக்கு ஆர்?"

படிவத்தை நிரப்பவில்லை. போன கிழமை கல்லை எடுத்தபோது பக்கத்தில் நின்றேன். சின்ன இயந்திரம், கால் மணித்தியாலத்து வேலை. கல் வேண்டுமா என்று வேலையாள் கேட்டான். மூன்றாம் மாடிக்கு அதை எப்படிக் கொண்டுபோவது? வேண்டாம் என்றேன். மண்ணைச் சமப்படுத்திவிட்டு அவன் அடுத்த கல்லுக்குப் போய்விட்டான். சொன்ன சொல்லை நான் காப்பாற்றவில்லை, அண்ணை. மன்னிப்புக் கேட்கக்கூட உடம்பில் தெம்பில்லை.

ஒன்று மட்டும் நான் யாருக்கும் சொன்னதில்லை. பெட்டியை மூடுவதற்கு முன்னால் ஈமச்சேவைக்காரரிடம் கெஞ்சி உங்களோடு தனியே ஒரு மணித்தியாலம் வாங்கினேன். உங்கள் செபம் ஒன்றும் எனக்குத் தெரியாது. நீங்கள் குசினியில் சொன்ன ஒழுங்கு மட்டும் தெரியும். இளஞ்சூட்டு நீரில் உங்களைக் கழுவினேன். அந்தத் தைலத்துக்கு நான் எங்கே போவேன்? பன்னீரில் சந்தனம் கரைத்துப் பூசினேன். ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்கென்று வாங்கி வைத்திருந்த என் புது வேட்டியால் சுற்றினேன். துணியைக் கீழால் இழுக்க இடது கையால் உங்கள் தலையைத் தூக்கினேன். ஒரு தலை அவ்வளவு பாரமாக இருக்கும் என்று அதற்கு முன்னர் எனக்குத் தெரியாது.

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை, முடிஞ்சுது" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

இப்போதும் இல்லத்தில் கிழவர்களைக் கழுவித் துடைத்து, தலையணை மாற்றத் தலையைத் தூக்கும்போது, ஜெர்மன் வருவதில்லை. "கொஞ்சம் பொறுங்கோ" என்றுதான் வருகிறது. அவர்களுக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும், என் கைக்குள் தலையை விட்டுவிட்டு, பொறுத்துக்கொண்டு கிடக்கிறார்கள்.