கவிழ்த்துப் போட்ட ஸ்டூல்

காலையில் பல்பு மாட்டலாமென்று உம்முடைய ஸ்டூலை இழுத்தேன். ஒரு கால் ஆடியது. கவிழ்த்துப் பார்த்தால், கால்களின் நுனியில் கறுப்பாக உருகி ஒட்டியிருந்த சைக்கிள் டியூப் விரலில் பிசுபிசுத்தது. மோந்து பார்த்தேன். அவ்வளவுதான், பல்பு மறந்துபோயிற்று. வெயிலில் காய்ந்த அந்த ரப்பர் வாசனையோடு என் பழைய அம்பாசிடரும், பக்கத்தில் முட்டியை மடக்கி உட்கார்ந்த நீரும் வந்துவிட்டீர்கள்.

சங்கரன்கோவிலில் இந்த ஸ்டூலில் உட்காராதவர் யார்? பாஸ்போர்ட் படமா, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படமா, எல்லாம் உம் ஸ்டூடியோவில் இதன்மேல்தான். ஆடித்தபசுக்கு வந்த ஒருவர் தன் காளையோடு படம் வேண்டுமென்று நின்றது ஞாபகம் இருக்கிறதா? காளை வாசலில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. படத்தில் காளை கண் இமை வரை தெளிவு. மனுஷர் முகம் புகை. “மாடு சொன்ன பேச்சு கேட்டுச்சு வே, நீருதான் அசைஞ்சீரு” என்று அவரிடமே சொன்னீர். அசையக்கூடாது. அதுதான் உம் தொழில், உம் வேதம்.

அப்படிப்பட்ட உம்மிடம்தான் கடையநல்லூர் உம்மா வந்தார்கள். எண்பதுகளின் நடுவில் இருக்கும். நான் காரை உம் கடை நிழலில் விட்டுவிட்டுக் கதை பேசிக்கொண்டிருந்தேன். அவர்கள் கையில் ஒரு பெட்டி, அதற்குள் வீடியோ கேமரா. துபாயில் இருக்கும் மகன், லீவில் வந்த கூட்டாளியிடம் கொடுத்தனுப்பியது. அந்தக் கூட்டாளி மறுநாளே திரும்புகிறார். கேமராவும் படமும் அவரோடு போயாக வேண்டும்.

“கல்யாணமா உம்மா?” என்று கேட்டீர்.

“இல்ல தம்பி. ரோட்டைப் பிடிக்கணும்.”

நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மகன் அடிக்கடி கனவில் ஊருக்கு வருகிறானாம். சங்கரன்கோவிலில் ரயிலை விட்டு இறங்குகிறான், கார் ஏறுகிறான், புளியங்குடி வரைக்கும் எல்லாம் தெரிகிறது. அதற்குமேல் ரோடு இல்லை. முழிப்பு வந்துவிடுகிறது.

“லீவுதான் கிடைக்கல. இப்பக் கனவுலகூட வீடு வந்து சேர மாட்டேங்கான். வழி மறந்துபோன புள்ள வருவானா தம்பி?”

நீர் என்னைப் பார்த்து, “வே, உம்ம காரு சும்மாதான நிக்கி?” என்றீர்.

ஒரு பலகையை டேஷ்போர்டில் வைத்துக் கயிற்றால் இறுக்கினோம். அதன்மேல் கேமரா. ரயில்வே கேட் வரை போய்வந்து கேமராக் கண்ணாடியில் பார்த்தால், ரோடு கஞ்சி மாதிரிக் கொதித்தது.

“என்னவே, ரோட்டுக்குக் குளிர்காய்ச்சலா?” என்றேன்.

நீர் டீ வாங்கி வந்தீர். ஒரு கிளாஸை டேஷ்போர்டில் வைத்தீர், ஒன்றைக் கையில் பிடித்தீர். “இப்ப ஓட்டும்” என்றீர். டேஷ்போர்டு டீ என் வேட்டியில். உம் கையில் இருந்தது தளும்பியது, சிந்தவில்லை.

“இறுக்குனதுதான் வே தப்பு. கை மாதிரிப் பிடிக்கணும்.”

உள்ளே போய் ஸ்டூலைத் தூக்கி வந்து முன்சீட்டில் நமக்கு நடுவே கவிழ்த்துக் கட்டினீர். மேலே நிற்கும் நாலு காலுக்கும் சைக்கிள் டியூபை இரண்டாக அறுத்துக் குறுக்கே இழுத்துக் கட்டி, நடுவில் கேமராவைத் தொட்டில் பிள்ளை மாதிரித் தொங்கவிட்டீர். பின்சீட்டிலிருந்து உம்மா ஸ்டூலையே பார்த்தார்கள். “இதுலதான் தம்பி அவன் உக்காந்தான், பாஸ்போர்ட்டுக்கு.”

நான் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தேன். “கோவிச்சுக்கிடாதீங்க உம்மா, பழக்கம்.”

“வையிப்பா. நீ பழத்தை வையி, நான் பிஸ்மி சொல்லுதேன்.”

வண்டி கிளம்பியதும் உமக்குப் பழைய புத்தி வந்துவிட்டது. “யாரும் அசையாதீங்க!”

“வே, நான் ஸ்டீயரிங்கையாவது அசைக்கலாமா?”

உம்மா சிரித்தார்கள். கேமரா டியூபில் மிதந்தது. பருத்திக் காடும் பனையும் தண்ணீரில் வருவதுபோல் எதிரே வந்து இரண்டு பக்கமும் பிரிந்து போயின. நான் ஓட்டுகிறேனா, ரோடு நம்மை இழுக்கிறதா என்றே தெரியவில்லை. புளியங்குடிக் கடைத்தெருவின் எலுமிச்சை வாசனையும் வந்து போயிற்று.

ஊர் தாண்டியதும் ஒரு பள்ளம். வெயிலில் இளகியிருந்த டியூப் இரண்டும் படக்கென்று அறுந்தன. என் கால் பிரேக்குக்குப் போனது.

“நிப்பாட்டாத தம்பி! இங்கனதான் அவனுக்கு ரோடு அறுந்து போவுது!”

காலை எடுத்துவிட்டேன். நீர் குனிந்து இரண்டு கையாலும் கேமராவை ஏந்தினீர். அதற்கப்புறம் நீர்தான் ஸ்டூல், நீர்தான் டியூப். “மெல்ல வே... மாடு... வலப்பக்கம் மலை தெரியுது பாரும்... இந்தா சொக்கம்பட்டி... அடுத்து என்ன உம்மா?” உம்மா பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார்கள்: “அந்தப் புளியமரத்துலதான் கல்லெறிஞ்சு அடி வாங்குனான்.” வீட்டு வாசலில் அவர்கள் முதலில் இறங்கிப் போய்க் கதவைத் திறந்து நின்றார்கள். “வந்துட்டியா ராசா? உள்ள வா.”

அவர்கள் வீட்டு டி.வி.யில் போட்டுப் பார்த்தால் பாதி வழி படம் ஆடியது. அதைவிட உம்மைக் கவிழ்த்தது வேறு. “ஐயையோ, நாம பேசுனதெல்லாம் உள்ள விழுந்திருக்கு வே!” வாழ்நாளெல்லாம் காது இல்லாத பெட்டியோடு பழகியவர் நீர்; இதற்குக் காது உண்டென்று உமக்குத் தோன்றவே இல்லை. திரும்ப எடுக்க நேரமில்லை. “அந்தப் புள்ளைக்கு ரோட்டைக் கெடுத்துட்டேனே” என்று உம்மா வீட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டீர்.

சில வாரம் கழித்து உம்மா டேப் ரெக்கார்டரோடு கடைக்கு வந்தார்கள். மகன் பேசி அனுப்பிய கேசட். “உம்மா, புளியங்குடி தாண்டுனா படத்துல ஒண்ணும் நிக்க மாட்டேங்கு. கண்ணை மூடிட்டுக் கேட்டேன். நேத்துக் கனவுல வீடு வரைக்கும் வந்துட்டேன் உம்மா. கதவு திறந்திருந்துச்சு. வழியெல்லாம் அந்த ஸ்டூடியோ அண்ணாச்சி ‘மெல்ல வே, மாடு’ன்னு சொல்லிட்டே வாராரு.”

நீர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர். “மாட்டைச் சொன்னது நல்லதாப் போச்சு வே” என்றீர்.

அம்பாசிடர் போய்விட்டது. நீர் போன பிறகு உம் வீட்டில் எனக்கு இந்த ஸ்டூலைக் கொடுத்தார்கள். ஆடிய காலுக்கு ஆப்பு வைத்துவிட்டேன், ரப்பரைச் சுரண்டவில்லை. நானும் சில நாள் கனவில் அந்த ரோட்டில் ஓட்டுகிறேன். நடுவில் கவிழ்ந்த ஸ்டூல், அதற்கப்பால் உம் இடம் காலி. உம்மைக் காணோமே என்று பிரேக்குக்குக் காலைக் கொண்டுபோகும்போது பக்கத்தில் சத்தம் வருகிறது: “மெல்ல வே, மாடு.” காலை எடுத்துவிடுகிறேன். புளியங்குடி தாண்டியும் ரோடு இருக்கிறது.