வீணாகத் தெரிந்த ஒரு வரி

மார்ச் 3

அன்புள்ள மௌனசாமிக்கு,

நலம்தானே? ஆறு மாத வேலை என்று சொல்லிப் போன நீரேற்று நிலையம் உன்னை இரண்டாவது வருடமும் விடவில்லை. போகட்டும், இது புகார்க் கடிதம் இல்லை, வேலைக் கடிதம்.

கணினி இயங்குதளத்தின் கருவான கெர்னலில் கிடக்கும், கருவிகளை இயக்கும் பழைய டிரைவர் நிரல்களைச் சுத்தம் செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. கல்யாணமான புதிதில் நாம் சேர்ந்து எழுதினோமே, தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்தும் மின்னணு அட்டைக்கான டிரைவர், அதுவும் அதில் ஒன்று. முறை உனக்குத் தெரியும். "இந்தக் கருவி யாரிடமாவது ஓடுகிறதா?" என்று மின்னஞ்சல் குழுவில் கேட்போம். அடுத்த பதிப்பின் வெளியீட்டுக்குள் ஒருவராவது கை தூக்கினால் டிரைவர் பிழைக்கும். இல்லாவிட்டால் நீக்கம்தான். எனக்குத் தெரிந்து அந்த அட்டையை வைத்திருப்பவன் நீ ஒருவன்தான். ஊரறியக் கேட்பதற்கு முன்னால் உன்னிடம் கேட்கலாம் என்று தோன்றியது.

ஓடுகிறதா? துடைத்து ஒழுங்கு செய்த பிரதியை இணைத்திருக்கிறேன். போட்டுப் பார்த்துச் சொல்.

சமையலறை ஜன்னல் கொண்டி கழன்றுவிட்டது. கயிறு கட்டி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கத்தரிக்காரி


மார்ச் 9

அன்புள்ள கத்தரிக்காரிக்கு,

ஓடுகிறது. உன் பிரதியைப் போடும்வரை நன்றாகவே ஓடியது.

போட்ட மறுநாள் காலை தொட்டி நிரம்பியும் மோட்டார் நிற்கவில்லை. நிறுத்தச் சொல்லிக் கட்டளை போனதாகத் திரையில் இருக்கிறது. தண்ணீரோ படியில் இறங்கி வருகிறது. காவலாளி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"யாரு சார் இதுல கை வச்சது?"

"எங்க வீட்டம்மா."

"அவங்க இங்க வந்ததே இல்லியே?"

"வராமலே செய்வாங்க."

அந்த ஈரத்திலும் சிரித்துவிட்டார்.

நீ நிரலில் ஒரு வரியை வெட்டியிருக்கிறாய். திரும்பப் போட்டேன், மோட்டார் நின்றது.

கயிறு மழைக்குத் தாங்காது.

மௌனசாமி


மார்ச் 10

அன்புள்ள மௌனசாமிக்கு,

காவலாளியிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

வரியைக் கண்டுபிடித்துவிட்டேன். கட்டளை கொடுத்தபின் அட்டையிலிருந்து ஓர் எண்ணைப் படிக்கிறது. படித்ததை எதற்கும் பயன்படுத்தாமல் தூக்கிப் போடுகிறது. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரே வீண் என்று எச்சரித்தது. அதை யார்தான் விட்டுவைப்பார்கள்? மேலே ஒரு குறிப்பு இருந்திருந்தால் தொட்டிருப்பேனா? நீ எதற்குத்தான் காரணம் எழுதியிருக்கிறாய்! பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அன்றும், "சாவி அலமாரில இருக்கு" என்றுதான் சொன்னாய். சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம் ஆகியிருக்கலாம்.

காரணத்தை எழுதி அனுப்பு. "காரணம் சொல்லாத வரிய நான் சேர்க்கிறதில்லம்மா" என்கிறார் எங்கள் குழுப் பெரியவர்.

கத்தரிக்காரி


மார்ச் 21

அன்புள்ள கத்தரிக்காரிக்கு,

காரணம் இதுதான். அட்டைக்கு எழுதுகிற கட்டளை உடனே போய்ச் சேர்வதில்லை; வழியில் தங்கிவிடுகிறது. அட்டையிடமிருந்து எதையாவது திரும்பப் படித்தால்தான் தங்கியது முன்னே தள்ளப்பட்டுப் போய்ச் சேரும். என்ன படிக்கிறோம் என்பது முக்கியமில்லை.

இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, நீ. சமையலறை மேடையில் அட்டையைப் பரப்பி வைத்து, பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல், "சும்மா அதுகிட்ட ஏதாவது கேளுடா!" என்று கத்தினாய். நான் விசைப்பலகையில் தட்டியதோடு சரி. குறிப்பு எழுதாததற்குக் காரணம், இது நமக்கு எப்படி மறக்கும் என்று நினைத்ததுதான்.

இன்னொரு செய்தி. இங்கே புதுக் கருவி வருகிறது. மாதக் கடைசியில் நம் அட்டையைக் கழற்றிவிடுவார்கள். என் வேலையும் அதோடு முடிகிறது. இன்னும் தள்ளி ஓர் ஊரில் கூப்பிடுகிறார்கள். அதனால் எனக்காக அந்த டிரைவரை வைத்திருக்க வேண்டாம்.

கொண்டி மாட்டினாயா?

மௌனசாமி


மார்ச் 22

அன்புள்ள மௌனசாமிக்கு,

உன் சொற்களையே வரிக்கு மேல் போட்டுவிட்டேன். "இவ்வளவு தெளிவா எழுதுறவர் ஏம்மா இத்தனை நாள் எழுதல?" என்றார் பெரியவர். அதற்கு நீயே பதில் சொல்லிக்கொள்.

குழுவில் நான் இன்னும் கேட்கவில்லை. கேட்டு, யாரும் கை தூக்காவிட்டால், என் கையாலேயே நீக்க வேண்டும்.

அட்டை எந்த ஊரில், எந்தத் தொட்டியில் ஓடுகிறது என்று குழுவில் யாரும் கேட்பதில்லை. ஒரு மேசைமேல் ஓடினாலும் ஓடுவதாகத்தான் கணக்கு. நம் மேசையில் உன் பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. துணி மடித்து வைக்கக்கூட மனம் வரவில்லை.

கொண்டி மாட்டவில்லை.

கத்தரிக்காரி


ஏப்ரல் 4

அன்புள்ள மௌனசாமிக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. வெளியீடு நெருங்குகிறது. கேள்வியை இன்று குழுவில் போட்டுவிட்டேன்.

நான் எழுதியது உனக்குப் போய்ச் சேர்ந்ததா என்றே தெரியவில்லை. ஏதாவது எழுது. மழை பெய்கிறது என்றோ சாப்பிட்டுவிட்டேன் என்றோ. எதுவானாலும் சரி.

கயிறு நேற்று அறுந்துவிட்டது.

கத்தரிக்காரி


ஏப்ரல் 6

அன்புள்ள கத்தரிக்காரிக்கு,

கழற்றிய அட்டையைப் பழைய இரும்போடு போடாமல் என்னிடம் கொடுங்கள் என்று மேலதிகாரியைக் கேட்டுக் கேட்டு, இன்று காலைதான் கைக்கு வந்தது. அது கிடைக்காமல் உனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

குழுவில் கை தூக்கியிருக்கிறேன். போய்ப் பார்.

நம் ஊர் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள இரும்புக் கடையிலிருந்து எழுதுகிறேன். கொண்டி இடது கதவுக்கா, வலது கதவுக்கா? சீக்கிரம் சொல். கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்.

மௌனசாமி