அடிவரை வழித்த சதுப்பு

சொன்சி, சிலோயே தீவு, தென் சிலி
ஜனவரி 9, 2013

அன்புத் தம்பி ரெனாத்தோவுக்கு,

நலம்தான். முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன். சதுப்புப் பாசி வாங்கி விற்கிற எனக்கு ஊரில் வாங்கப் பாசியே இல்லை. ஜப்பான்காரர்கள் ஆர்க்கிட் செடியின் வேரில் ஈரம் நிற்க அதைக் கேட்டு நச்சரிக்கிறார்கள். மிச்சம் இருப்பது கிணற்றுக்கு மேலே அப்பா விட்டுப்போன சதுப்புதான். பாதி உன் பெயரில். பாசி எடுக்கச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பு. நீ காவல் காக்கிற சின்சில்லா எலிக்குச் சட்டம் உண்டு, சரணாலயம் உண்டு, சம்பளத்துக்கு நீயும் உண்டு. என் பாசி எந்தப் பாதுகாப்புப் பட்டியலிலும் இல்லை. தைரியமாகப் போடு.

அக்கா ஒத்தீலியா

இல்யாப்பெல், வட சிலி
பிப்ரவரி 2, 2013

அன்புள்ள அக்கா,

கையெழுத்து இதோடு வருகிறது. உனக்கு இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

ஆனால் பட்டியலை நம்பாதே. தோலுக்காக லட்சக்கணக்கில் கொன்றபோது இந்த எலியும் எதிலும் இல்லை. முக்கால்வாசி முடிந்த பிறகுதான் 'அழியும் நிலை' என்று எழுதினார்கள். எழுதியும், என் பள்ளத்தாக்கில் இந்த வருஷம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எலியாவது பாறை இடுக்கில் ஒளியும், தப்பினால் இரண்டு குட்டி போடும். பாசிக்கு ஓடத் தெரியாது. மழையைக் குடித்து வைத்திருந்து கிணற்றுக்குக் கொடுப்பது அதுதான். மூன்றில் ஒரு பங்கைத் தொடாதே. எடுக்கிற இடத்திலும் அடியில் ஒரு சாண் விடு.

உன் ரெனாத்தோ

சொன்சி
மார்ச் 20, 2013

தம்பி,

மிங்கா வைத்தேன். அண்டை அயலார் இருபது பேர் கூலி வாங்காமல் வந்து கைகொடுத்தார்கள். பன்றி அடித்து, உருளைக்கிழங்கு ரொட்டி சுட்டுப் போட்டேன். நீ சொன்ன பங்குக்குக் குச்சி நட்டுக் கயிறும் கட்டினேன். கீழ்வீட்டு அபெலார்தோ அதை அவிழ்த்தான். "என்னக்கா, எங்களுக்கு முதுகு வளையாதுன்னு நெனச்சியா? தின்னுட்டு வேலைய மிச்சம் வச்சிட்டுப் போனானுங்கன்னு ஊரு பேசணுமா?"

மிங்காவில் வேலையை மிச்சம் வைப்பது வீட்டுக்காரியின் சாப்பாட்டைக் குறைசொன்ன மாதிரி. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கறுப்பு மண் தெரிகிறவரை வழித்துவிட்டார்கள்.

அக்கா

சொன்சி
பிப்ரவரி 11, 2014

தம்பி,

அதன்பிறகு மூன்று கடிதம் போட்டேன், உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கோபம் நியாயம்தான்.

கிணறு வற்றிவிட்டது. அபெலார்தோவுடையதும். வாரம் ஒருமுறை தண்ணீர் லாரி வருகிறது. "அக்கா, உன் பன்னிக்கறி இன்னும் தொண்டையிலயே நிக்குது, எறக்கத் தண்ணி இல்ல" என்கிறான். வரிசையில் ஒருவரும் சிரிப்பதில்லை.

வேலியோரம் ஒரு பிடி பாசி தப்பியிருந்தது. சதுப்பின் நடுவே பதித்து, லாரித் தண்ணீரில் தினமும் ஒரு குவளை ஊற்றிவந்தேன். இன்று வெளுத்துக் கிடக்கிறது.

நாளைக்கும் ஊற்றுவேன். எலி இல்லாத பள்ளத்தாக்கில் எலி தேடி நீயும் நாளைக்கு ஏறுவாய், எனக்குத் தெரியும்.

அக்கா