ரொசாரியோவிடம் சொல்லாதது

நாள் 61, காலை
பதிவர்: கோமதி, பூச்சியியல். பூமியைச் சுற்றும் ஆய்வு நிலையம். ஆட்கள் இருவர்: நானும், பழுது பார்க்கும் தூத்துக்குடி ரொசாரியோவும்.
எடையற்ற இடத்தில் மற்றப் புழுக்கள் மிதந்து செத்தன. நத்தைபோல் ஊரும் அந்துப்பூச்சிப் புழுக்கள், நத்தைப்புழுக்கள், மட்டும் பிழைத்தன. வயிற்றில் கால்களுக்குப் பதில் உறிஞ்சும் வட்டுகள். பட்டுத் திரவம் கசியவிட்டு வழுக்கிப் போகின்றன. இவற்றின் நஞ்சிலிருந்து வலி மருந்து எடுக்க, தலைமுறைதோறும் நஞ்சு மிகுந்தவற்றையே பெருக்குகிறேன். இப்போதைய தலைமுறையின் உடலிலுள்ள நச்சு முள் தடித்த தோலையும் துளைக்கும்.

நாள் 64, காலை
கூண்டின் விளிம்பில் ஈரத்தடம். சில புழுக்களைக் காணோம். தரை நிலையத்துக்குச் சொன்னால் எல்லாவற்றையும் எரிக்கச் சொல்வார்கள். நானே தேடிப் பிடித்துவிடுவேன்.

நாள் 65, மதியம்
காற்றுக்குழாய்க்குள்ளிருந்து ரொசாரியோ:
"யக்கா, கையில தீய வச்ச மாரி எரியுது. உள்ள என்ன கெடக்கு?"
"துப்புரவு அமிலம் பட்டிருக்கும் தம்பி. கழுவிக்கோ."
வீங்கிய கையோடு வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டான், கையுறை போடாமல் போனதற்கு. பரவாயில்லை என்றேன்.

நாள் 66, காலை
கையுறையோடு மறுபடி உள்ளே போனான். தடுக்கவில்லை. தடுத்தால் காரணம் சொல்ல வேண்டும்.
"யக்கா, கழுத்துல... மூச்சு முட்டுது... கதவத் தெறங்க..."
திறந்தேன். ஊசி போட்டேன். பலனில்லை.
அவன் காலரில் பச்சைப் புழு ஒன்று ஒட்டியிருந்தது. அதை எடுத்துக் கூண்டில் விட்ட பிறகுதான் தரையை அழைத்தேன்.

நாள் 68
சரக்குக் கப்பல் அவன் உடலைக் கொண்டுபோயிற்று. சாவுக்குக் காரணம்: அமிலக் கசிவு. எழுதியது நான். அவனுடைய போர்வையிலேயே சுற்றி அனுப்பினேன்.

நாள் 72
அவன் தூங்கும் பையை மடித்தேன். தையலோரம் விதைபோல் கெட்டியான உருண்டைகள். கூடுகள். கூட்டின்மேலும் முட்கள். இவை கட்டிப் பல நாள் ஆகியிருக்கும். நான் ஈரத்தடத்தைப் பார்க்கும் முன்பே தப்பியவை.
போர்வை. அதுவும் இந்தப் பைக்குள்தான் கிடந்தது.
தரைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாவற்றையும்.
"மேடம்... பெட்டிய நேத்தே வீட்ல ஒப்படைச்சாச்சு. அவங்கம்மா அந்தப் போர்வைய மட்டும் கேட்டாங்க. புள்ள வாசம் இருக்குன்னு மொகத்துல வச்சுக்கிட்டே இருக்காங்களாம்."
அந்த வீட்டுக்கு இணைக்கச் சொன்னேன். மணி அடிக்கிறது. அடித்துக்கொண்டே இருக்கிறது. யாராவது எடுங்க