மாத்திரை நோட்டில் சேனாதிபதி

ஏப்ரல் 9, 2025, புதன்

வலி: பத்துக்கு ஏழு. பிரீகாபலின் 75, காலையில் ஒன்று, இரவில் ஒன்று. கால் வீக்கம், ஷூ ஏறவில்லை, செருப்போடு போனேன். எடை நாலு கிலோ கூடியிருக்கிறது. எழுந்ததும் கொஞ்ச நேரம் சுவர் நகர்கிறது.

வத்தலக்குண்டு டாக்டரம்மா தினமும் இதை எழுதச் சொன்னார். வலி எத்தனை, மாத்திரை என்ன செய்கிறது, அவ்வளவுதான். எழுதிவிட்டேன். ஆனால் சேனாதிபதியை எழுதாமல் என் வலியை முழுசாக எழுத முடியாது. அதனால் அவனும் இந்த நோட்டில் வருவான்.

இருபத்திரண்டு வருஷமாகக் கொடைக்கானலில் ஒரே டாக்சி ஸ்டாண்டில் வண்டி ஓட்டுகிறோம். பிப்ரவரியில் டீக்கடையில் அவனிடம் மட்டும் சொன்னேன். இடுப்பிலிருந்து கால் வரைக்கும் நரம்பு சுண்டி இழுக்கிறது, அது போக உடம்பு முழுக்க வலி, பைப்ரோமயால்ஜியா என்று பெயர் சொல்கிறார்கள், மாத்திரை போட்டால் கிறுகிறுக்கிறது என்றேன். ஐயோ பாவம் என்று முதுகில் தட்டினான். தொட்டாலே வலிக்கும் என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்தேன்.

அடுத்த வாரம் ஸ்டாண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்றான். "குருநாதன் மாத்திரை போட்டுக்கிட்டு மலை ரோட்டுல ஓட்டுறான். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" முப்பது பேர் முன்னால்.

இப்போது என் வண்டி வில்பட்டியில் வீட்டோரம் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. நான் ஸ்டாண்டு ஷெட்டில் உட்கார்ந்து டர்ன் நோட்டு எழுதுகிறேன். எந்த வண்டி, எந்தப் பார்ட்டி, எந்த ஊர். வண்டியில் கோளாறு என்றால் நம்பருக்குப் பக்கத்தில் ஒரு வரி. இந்த வேலையை எனக்குக் கொடுக்கச் சொன்னதும் அவன்தானாம். அதையும் கணக்கில் சேர்த்து வைத்திருக்கிறேன். அவனைச் சும்மா விடப் போவதில்லை.

ஏப்ரல் 12, சனி

வலி ஆறு.

டர்ன் நோட்டு எழுதுகிறவன் கையில் என்ன இருக்கிறது என்று சேனாதிபதி யோசிக்கவில்லை. இன்று பூம்பாறை போக ஒரு குடும்பம் வந்தது. ஆறு பிள்ளைகள், அதில் மூன்று பிள்ளைகள் மலை ஏறும்போதே வாந்தி எடுத்தவை. முறைப்படி அது முத்துராஜ் வண்டிக்குப் போக வேண்டியது. ஒரு வரி மாற்றி எழுதினேன்.

சாயங்காலம் சேனாதிபதி வாளியும் துணியுமாக சீட்டைக் கழுவிக்கொண்டிருந்தான். வலி நாலுக்கு இறங்கியது. இதை டாக்டரம்மாவிடம் காட்டலாமா?

ஏப்ரல் 17, வியாழன்

வத்தலக்குண்டு போய் வந்தேன். டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். (வாந்திப் பிள்ளைகள் பக்கத்தை ஒட்டி வைத்திருந்தேன்.)

இதுவரை பார்த்த மாத்திரைகளை அவரும் நானும் மறுபடி எடை போட்டோம். நவம்பரில் அமிட்ரிப்டிலின்: நல்ல தூக்கம், ஆனால் அந்தத் தூக்கம் காலைச் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் கூடவே வந்தது, நாக்கு காய்ந்து போனது, நாலு நாள் கக்கூஸ் போகவில்லை. ஜனவரியில் டூலாக்செட்டின்: தலை தெளிவு, ஆனால் சோற்றைப் பார்த்தாலே குமட்டல், கொடைக்கானல் ஜனவரியில் பனியன் நனைய வேர்த்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மிச்சம் இருப்பது பிரீகாபலின். அதில் வலி குறையும், இன்னும் கூட்டினால் இன்னும் குறையும், கிறுகிறுப்பும் கூடும்.

"எதைப் போட்டா வண்டி ஓட்டலாம்ங்க?" என்று கேட்டேன்.

"எல்லாரும் எதுல வலி குறையும்னு கேப்பாங்க. நீங்க இதைக் கேக்குறீங்க" என்றார். பிறகு, "இப்போதைக்கு ஓட்டலாம்னு நான் சொல்ல மாட்டேன். டோஸைக் கூட்டிப் பார்ப்போம். நீங்களா எதையும் நிறுத்திராதீங்க."

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். வலியில்லாத குருநாதன் ஷெட்டில் உட்காருவான். வலிக்கிற குருநாதன் வண்டி ஓட்டுவான். இரண்டு பேரில் எவனைப் பார்த்தால் சேனாதிபதிக்கு வயிறு எரியும்? அவன்தான் எனக்கு வேண்டும்.

ஏப்ரல் 21, திங்கள்

மாத்திரையை நிறுத்திவிட்டேன். என் மனைவி மணிமேகலைக்குத் தெரியாது.

ஏப்ரல் 23, புதன்

வலி ஒன்பது. தூக்கம் இல்லை. வேர்வை. கை நடுக்கம். போர்வை தோலில் பட்டால்கூட ஆகவில்லை.

வெள்ளனே தார்ப்பாயை உருவிப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். ஸ்டாண்டுக்குள் கொண்டுபோய் அவன் வண்டிக்கு முன்னால் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். இரண்டாவது வளைவில் கிளட்ச்சை மிதித்த இடது கால் திரும்ப வரவில்லை. இடுப்பிலிருந்து பாதம் வரை ஒரே இழுப்பு. கைபிரேக்கை எப்படி இழுத்தேன் என்று தெரியவில்லை. எதிரே காரட் மூட்டை ஏற்றிய பிக்கப் ஒரு முழம் தள்ளி நின்றது.

பூண்டுக் காட்டில் இருந்த மணிமேகலை மண் கையோடு ஓடி வந்தாள். மாத்திரை அட்டையைப் பற்றிக் கேட்டாள். சொன்னேன்.

"அந்த அண்ணன் மேல கோவம்னா அவரை நாலு வார்த்தை நேரா கேளுங்க. உங்க காலை எதுக்குங்க பழி வாங்குறீங்க?"

இதுக்கும் அவன்தான் காரணம். அவனேதான். அவன் அன்னைக்கு வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா எனக்கு ஏன் இந்தச் சோலி?

ஏப்ரல் 24, வியாழன்

டாக்டரம்மா போனில் திட்டினார். நிறுத்துவதென்றால் படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டுமாம். மறுபடி 75. சனிக்கிழமையிலிருந்து 150.

மே 6, செவ்வாய்

வலி மூன்று.

மூன்று என்ற எண்ணை இந்த நோட்டில் இன்றுதான் முதல் தடவை எழுதுகிறேன். சட்டைப் பொத்தானை நானே போட்டேன். மணிமேகலை தோளில் கை வைத்தாள், நான் விலகவில்லை.

மறுபக்கம்: அவள் வாங்கச் சொன்ன வேப்பம் புண்ணாக்கை சனிக்கிழமை மறந்தேன், ஞாயிற்றுக்கிழமை இரண்டு தடவை வாங்கி வந்தேன். இன்று ஒரு சென்னைக்காரர் வழி கேட்டார். மோயர் பாயிண்ட் என்ற பெயர் வாயில் வரவில்லை. இருபத்திரண்டு வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு போய் வந்த இடம். "அந்த... பள்ளம் தெரியும்ல" என்று இழுத்தேன். பக்கத்தில் நின்ற சேனாதிபதி பெயரை எடுத்துக் கொடுத்தான், சிரிக்காமல். சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

மே 14, புதன், காலை 7.40

சேனாதிபதி வண்டியின் பின் சக்கரத்துக்கு உள்பக்கம் தரையில் ஈரம். முதலில் வண்டி கழுவிய தண்ணீர் என்று நினைத்தேன். விரலால் தொட்டேன். பிசுபிசுப்பு. பிரேக் ஆயில்.

அவன் டீக்கடையில் இருக்கிறான். எட்டு மணிக்கு அவனுக்குப் பழனி இறக்கம்.

நான் சொல்லப் போவதில்லை. தலை தெளிவாக இருக்கிறவன் அவன்தானே. முப்பது பேர் முன்னால் எழுந்து நின்று பேசத் தெரிந்தவன்தானே. அவன் வண்டியை அவனே பார்த்துக்கொள்ளட்டும். பார்ட்டி அப்பா, அம்மா, இரண்டு பெண் பிள்ளைகள். சின்னது குரங்குக் குல்லா போட்டிருக்கிறது.

சொல்லவில்லை. மறந்து தொலைக்காமல் இருக்க எழுதி வைக்கிறேன்.

அதே நாள், 9 மணி

வண்டி இல்லை. எப்போது கிளம்பினான்? நான் வேறு பார்ட்டிகளுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். நாலு தடவை போன் அடித்தேன், கிடைக்கவில்லை. இந்நேரம் பெருமாள்மலை தாண்டிப் பழனி ரோட்டில் இறங்கிக்கொண்டிருப்பான். அங்கே பாதி இடத்தில் சிக்னல் கிடையாது.

அந்தக் குல்லா. என்னடா செஞ்சு வச்சிருக்க குருநாதா. அவனை விடு, அந்தப் புள்ளைக உனக்கு என்னடா செஞ்சுச்சு?

யாரிடம் சொல்வது? சொன்னால் முதல் கேள்வி, காலையில் ஏன் சொல்லவில்லை என்பதாக இருக்கும்.

அதே நாள், மாலை

மூன்று மணிக்கு சேனாதிபதி வந்தான். நடந்து வந்தான். கையெல்லாம் கிரீஸ்.

"போன்ல சார்ஜ் இல்ல. வண்டி ஒர்க்ஷாப்புல கெடக்கு. வீல் சிலிண்டர் சுத்தமாப் போயிருச்சு" என்றான். "பார்ட்டியை அங்கேருந்தே வேற வண்டியில ஏத்தி விட்டுட்டேன். நீ சொன்னதாலே தப்பிச்சோம்."

"நான் எப்ப சொன்னேன்?"

"ஏலே, வெளையாடுறியா? நான் ஏறி உக்காரப் போறேன், நீ ஷெட்டுலேருந்து வெரசா வந்து டயரைக் காலாலே தட்டிக் காட்டுனே. கீழ எறங்காதே, நேரா ஒர்க்ஷாப்புக்கு விடுன்னு திட்டுனேயே."

டர்ன் நோட்டைத் திறந்தேன். அவன் நம்பருக்குப் பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு வரி: பின் பிரேக் ஆயில் கசிவு, சொல்லியாச்சு, 8.05.

எனக்கு ஞாபகம் இல்லை. இப்போதும் இல்லை. சொல்ல மாட்டேன் என்று ஒரு நோட்டில் எழுதிவிட்டு, இருபத்தைந்தாவது நிமிஷம் எழுந்து போய்ச் சொல்லிவிட்டு, இன்னொரு நோட்டில் அதையும் எழுதியிருக்கிறேன்.

சேனாதிபதி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. போய் இரண்டு டீ வாங்கி வந்தான். குடித்தேன்.

மே 15, வியாழன்

வலி மூன்று. கால் வீக்கம் அப்படியே. மறதி: டாக்டரம்மாவுக்கு நேற்று நடந்ததை முழுசாக எழுதித் தனித்தாளில் வைத்திருக்கிறேன்.

ஒரு மணி நேரம் முன்னால் பேசியது நினைவில்லாதவன் கொண்டை ஊசி வளைவில் நாலு உயிரை வைத்துக்கொண்டு திரும்பக் கூடாது. இதை சேனாதிபதி சொன்னான், நான் கேட்கவில்லை. இப்போது நானே எழுதுகிறேன். அதனால் அவன் செய்தது சரியாகிவிடாது. அந்த டீக்கடையிலேயே என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். அந்தக் கணக்கு அப்படியேதான் இருக்கிறது.

மாத்திரையை வைத்துக்கொள்கிறேன். வண்டியை விடுகிறேன். நாலு மணி நேரம் ஆயிற்று இந்த வரியை எழுத.

மே 17, சனி

வலி மூன்று.

சேனாதிபதி வண்டிக்குச் சாமான் மதுரையிலிருந்து வர ஒரு வாரம் ஆகுமாம். சீசன் நேரத்தில் ஸ்டாண்டில் சும்மா நின்றான். காலையில் அவனை வில்பட்டிக்கு வரச் சொல்லி, மணிமேகலை முன்னால் சாவியை அவன் கையில் வைத்தேன்.

"நெசமாவா குரு?"

"செகண்ட் கியர் கொஞ்சம் அடம் பிடிக்கும். கிளட்ச்சை மெல்ல விடு" என்றேன்.

தார்ப்பாயை அவனே மடித்து வைத்தான். வண்டி வளைவில் மறையும் வரை பார்த்தேன். ஹாரன் சத்தம் மாறவில்லை.

அவனுக்கு இன்று மன்னவனூர் எழுதினேன். போக வர மூன்று மணி நேரம். பத்து மணிக்கே மழை பிடித்துக்கொண்டது, கூடவே பனிக்காற்று.

டிரைவர் பக்க ஜன்னல் கண்ணாடி பாதிக்கு மேல் ஏறாது. அதை அவனிடம் சொல்லவில்லை. டர்ன் நோட்டைப் பார்த்தேன், அந்த நம்பருக்குப் பக்கத்தில் வரி எதுவும் இல்லை. சாயங்காலம் மணிமேகலையிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

"கண்ணாடியைப் பத்தி நீங்க ஒண்ணுமே சொல்லலைங்களே" என்றாள்.

சொல்லவில்லை.