சமையல் நோட்டில் எழுதிய மஞ்சள்

என் அன்புத் தங்கை வாலுவுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. கடவுள் கருணையால் நீ சுகமாக இருப்பாய். இங்கே உன் அத்தான் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பயப்படாதே, தேறி வருகிறார். போனில் சொல்ல நாலு முறை எடுத்தேன். உன் குரலைக் கேட்டால் அழுகைதான் வரும், விஷயம் வராது.

அவருடைய மூட்டுவலி உனக்குத் தெரியும். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவருக்குப் படியேறுவதுதான் பிழைப்பு. ஓடாத லிஃப்டுக்குத்தானே கூப்பிடுவார்கள். நீ போன முறை வந்தபோது, குடல் பாக்டீரியாவுக்கு மஞ்சள் சத்தைக் கொடுத்துப் பார்க்கிற உன் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னாய். "அது ரத்தத்துல அவ்வளவா சேராதுக்கா, மிளகுச் சத்து கூட இருந்தா நிறைய சேரும்" என்றாய். உடனே அத்தான், "இவ்ளோ படிச்சு கடைசியில கக்கூஸ் கணக்கா பாக்குறே?" என்று கிண்டலடித்தார். சிரித்தோம். நீ மேலும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாய். நான் அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விட்டேன்.

மறுவாரமே மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் கேப்ஸ்யூல் வாங்கினேன். நாளுக்கு ஒன்று என்று டப்பாவில் போட்டிருந்தது. மஞ்சள்தானே என்று நாலு கொடுத்தேன். டாக்டர் எழுதித் தந்ததற்கு மேல் ஒரு மாத்திரை என்றால் தொடமாட்டார், அதனால் பிரித்துப் பாலில் கலந்து, சமையல் மஞ்சள் என்று சொன்னேன். ஒவ்வொரு முறையும் டம்ளரைக் கையில் பிடித்துக் கண்மூடி வேண்டிக்கொண்டுதான் கொடுத்தேன். இப்படி நாலு மாதம்.

அப்புறம் பசி போனது, கண் மஞ்சளித்தது. ஈரல் கெட்டிருக்கிறது என்றார்கள். என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று டாக்டர் கேட்டார். ஆறு வருஷமாகத் தேதி, நேரம் பிசகாமல் எழுதிய மருந்து நோட்டை நீட்டினேன். "இவ்ளோ சுத்தமா யாரும் எழுதமாட்டாங்கம்மா" என்றார். எனக்குப் பெருமை. மஞ்சள் அதில் இல்லை வாலு. அது அடுப்படிச் சாமான் என்று சமையல் நோட்டில், உப்புக்கும் சர்க்கரைக்கும் கீழே எழுதியிருந்தேன்.

மூன்று வாரம் காரணம் தேடினார்கள். மூன்று வாரமும் ஃபிளாஸ்கில் அந்தப் பாலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு நாள் நர்ஸ் மூடியைத் திறந்து, "என்னம்மா, பெயிண்ட் மாதிரி இருக்கு?" என்று கேட்டாள். கேப்ஸ்யூல் கலந்ததைச் சொன்னேன், அன்றே நிறுத்தினார்கள். சாப்பாட்டில் போடுகிற மஞ்சள் வேறு, இது வேறு, சிலருக்கு இப்படி ஈரலைத் தாக்கும் என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து, போன முறை வந்தபோது நீ கொடுத்துவிட்டுப் போன ஆராய்ச்சிக் காகிதங்களைத் தேடினேன். சமையல் நோட்டுக்கு அட்டையாகப் போட்டிருந்தேன், எழுத்து உள்பக்கமாக. அது ரத்தத்தில் சேர்ந்துதான் ஆகவேண்டும் என்றில்லை, குடலிலேயே தங்கினாலும் அங்கிருக்கும் பாக்டீரியா அதை உடைத்து வேறு பொருளாக்கும், நன்மை அங்கிருந்தே வரலாம், மனிதர்களுக்கு எவ்வளவு என்று இன்னும் உறுதியாகத் தெரியாது என்று எழுதியிருந்தாய். ஓரத்தில் பேனாவால், "அக்கா, கேப்ஸ்யூல் எதுவும் என்னைக் கேக்காம குடுத்துடாதே." நான் எழுந்து போன பிறகு நீ சொன்னதும் இதுதானா?

ரத்தப் பரிசோதனையில் ஈரல் கணக்கு இறங்கி வருகிறது. ஆனால் அவருக்கு எதுவும் தெரியாது. நானே சொல்லிக்கொள்கிறேன் என்று டாக்டரிடம் கெஞ்சியிருக்கிறேன். நேற்று என் கையைப் பிடித்து, "பாலை நிறுத்தினதுலேர்ந்துதான்டி தெம்பே இல்ல, இன்னிக்கும் ஏன் கொண்டுவரல?" என்றார். பால் திரிந்துவிட்டது என்று பொய் சொன்னேன். அதிலிருந்து வேண்டுதலுக்குக் கண்மூடினால் அந்த டம்ளர்தான் தெரிகிறது.

நாலு மாத மஞ்சளையும் மருந்து நோட்டில் ஏற்றிவிட்டேன், தேதிவாரியாக. அதை அவர் கையில் கொடுத்து நானேதான் சொல்வேன். நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். அவர் கேட்கிறதற்கெல்லாம் நீ பதில் சொல்லு. இந்த முறை நீ பேசி முடிக்கிற வரைக்கும் நான் எழுந்து போகமாட்டேன்.

கடவுள் உன்னையும் உன் வேலையையும் காப்பாற்றட்டும். சீக்கிரம் வா.

உன்னை எதிர்பார்த்திருக்கும்,
அக்கா