தட்டை வாங்கினது அவரு, காலு என்னுது

பெரிய காஞ்சிபுரம்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள சிவராஜுக்கு அம்மா எழுதறது. காமாட்சி புண்ணியத்துல உனக்கும் மருமகளுக்கும் கொழந்தைக்கும் ஒரு குறையும் வரக்கூடாது. இங்க என் வலது காலைத் தவிர எல்லாரும் சௌக்கியம், என் வாயும் சௌக்கியமாத்தான் இருக்குது, அதைப் படிக்கப் படிக்கத் தெரிஞ்சுக்குவே. போன் இருக்கும்போது எதுக்கும்மா கடுதாசின்னு கேப்பே. போன்ல பேசினா உங்கப்பா பக்கத்துலயே உட்கார்ந்துக்கினு இருக்காரு, நான் ரெண்டு வார்த்தை பேசறதுக்குள்ள நீயும் கேஸு வேணாம்மா, சமாதானமா போயிடும்மான்னு ஆரம்பிச்சுடறே. கடுதாசியில குறுக்கப் பேச முடியாது பாரு. நம்ம தெரு ஆனந்தகுமார் லீவு முடிஞ்சு மஸ்கட் திரும்பறான், அவன் கையில குடுத்தனுப்பறேன், பருப்புப் பொடியும் வெச்சிருக்கேன். முழுசா படி, அப்புறம் பேசு.

உனக்கு உங்கப்பா முதல்ல சொன்னது நாய் கதை. நாய் குறுக்க வந்துச்சாம், நான் தடுமாறி விழுந்தேனாம். நாயும் இல்ல, பேயும் இல்ல. ஓரிக்கை ரோடு சாயங்காலத்துல எப்படி இருக்கும்னு உனக்கே தெரியும், பஸ்ஸு, ஷேர் ஆட்டோ, தள்ளுவண்டின்னு கால் வெக்க இடம் இருக்காது. நான் ரோட்டை விட்டு நல்லா ஓரமா, மேரியோட இட்லிக் கடை பக்கத்துல ஆட்டோவுக்காக நின்னுக்கினு இருந்தேன். நமக்கு இத்தனை வருஷமா தறிக்கு வேலை குடுக்கற லோகேஸ்வரன் முதலாளி இருக்காரே, அவரு காரு பஸ்ஸை முந்தறேன்னு வந்து என்னைத் தூக்கி அடிச்சுது. ஓட்டினது அவரு மச்சான், லைசென்ஸே இல்லாத மகராசன். மேரி எல்லாத்தையும் கண்ணால பார்த்தா, என்னை ஆட்டோவுல போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதும் அவதான். உங்கப்பா அந்த நேரம் வீட்டுல தறியில உட்கார்ந்திருந்தாரு. அவருக்கு என்னடா தெரியும் நாயைப் பத்தி?

எனக்கு ஆபரேஷன் முடிஞ்சு மயக்கத்துல கிடக்கும்போது முதலாளி வந்திருக்காரு. கையில ஒரு தட்டு, வெத்தலை பாக்கு, பழம், பூ. மச்சானுக்கு லைசென்ஸ் இல்லாததால இன்சூரன்ஸ்காரன் எல்லாத்தையும் என் தலையில கட்டிடுவான், ஆஸ்பத்திரி செலவை நான் பார்த்துக்கறேன், உன் பொண்டாட்டி தானா விழுந்துட்டான்னு சொல்லிடு கலியாணசுந்தரம்னு தட்டை நீட்டியிருக்காரு. உங்கப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே. புடவை நெய்யப் புதுப் பாவு நூல் குடுக்கும்போதெல்லாம் முதலாளி இப்படித்தான் தட்டுல வெத்தலை பாக்கு வெச்சுக் குடுப்பாரு, வாங்கிட்டா போச்சு, வேற எவன் கூடக் கூலி தர்றேன்னு வாசல்ல வந்து நின்னாலும் அந்தப் பாவை நெய்து அறுக்கற வரைக்கும் இவரு திரும்பிப் பார்க்க மாட்டாரு. அந்தப் பழக்கத்துல இதையும் கை நீட்டி வாங்கிட்டாரு. போலீஸ்காரர் வந்து கேட்டப்ப நாய் கதையைச் சொல்லி கையெழுத்தும் போட்டுட்டாரு. நான் கண்ணு முழிச்சுக் கேட்டா, வார்த்தை குடுத்துட்டேன் கமலான்னு தலையைக் குனிஞ்சுக்கினு நிக்கிறாரு. எனக்கு வந்துதே ஆத்திரம்! தட்டை வாங்கினது நீங்க, காலு என்னுதுன்னு கத்தின கத்துல நர்ஸம்மா ஓடி வந்துட்டா.

வீட்டுக்கு வந்ததும் நான் பண்ண முதல் வேலை என்ன தெரியுமா? என் வளையலை அடகு வெச்சு, முதலாளி கட்டின ஆஸ்பத்திரி பணத்தைப் புரட்டினேன். அதே தட்டுல புது வெத்தலை, புதுப் பழம், மேல அந்தப் பணம், உன் தங்கச்சி சங்கரி தட்டைத் தூக்கிக்கினு வர, நான் வாக்கரைத் தள்ளிக்கினு முதலாளி வீட்டு ஹாலுக்கே போயிட்டேன். கலியாணசுந்தரம் வாங்கின தட்டை நீ எப்படிம்மா திருப்பித் தருவேன்னு கேட்டாரு. பாவு குடுத்தா அவரு வாங்கலாம் முதலாளி, என் காலுக்கு அவரு எப்படி வாங்குவாருன்னு கேட்டேன். அவரு வீட்டம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிச்சு. தட்டை அங்கயே கீழ வெச்சுட்டு வந்துட்டோம்.

அப்புறம் ஸ்டேஷனுக்குப் போனேன். உங்க வீட்டுக்காரரே எழுதிக் குடுத்துட்டாரேன்னாங்க. அடிபட்டது அவரா நானான்னு கேட்டு, உட்கார்ந்த பெஞ்சை விட்டு எழுந்திருக்கல. ஒருவழியா எஃப்ஐஆர் போட்டாங்க. துர்காதேவின்னு ஒரு வக்கீலம்மா நஷ்டஈடு கேஸ் போட்டிருக்காங்க, சின்ன வயசுதான், ஆனா கெட்டிக்காரி. மேரி, நான் வந்து சொல்றேங்க்கா, எனக்கு யாரு பாவு குடுக்கறாங்க பயப்படன்னு சிரிச்சா. முதலாளி நமக்குப் பாவு குடுக்கறதை நிறுத்திட்டாரு, தறி சும்மா நிக்குது, உங்கப்பா தினமும் அதைத் தொடச்சுட்டு உட்கார்ந்துக்கினு இருக்காரு. நீ பயந்தது நடந்துடுச்சு, நடக்கட்டும். பாவு வந்தாலும் இந்தக் காலை வெச்சுக்கினு நான் தறிக் குழியில இறங்கி மிதிக்க முடியுமா? கோர்வைப் புடவைக்கு ரெண்டு ஆளு வேணும், அவரு ஒருத்தரா கரையைக் கோர்த்து நெய்ய முடியுமா? காலை ஒடிச்சவனுக்குப் பயந்துக்கினு, அவன்கிட்டயே வேலைக்கு நிக்கணுமா? போடா.

இப்ப எல்லாம் உங்கப்பா கையில இருக்குது. அவரு சொன்ன நாய் கதையைத்தான் எதிர்ப்பக்க வக்கீல் பிடிச்சுக்கினு தொங்கறாரு. உங்கப்பா கூண்டுல ஏறி, நான் அங்க இல்ல, நான் பார்க்கலன்னு சொன்னா போதும்னு வக்கீலம்மா சொல்றாங்க. அது உண்மைதானே? ஆனா தெருவுல நாலு பேரு தட்டை வாங்கிட்டு மாறினவன்னு சொல்லுவாங்களேன்னு அந்த மனுஷன் தூங்காம கிடக்கறாரு. எனக்குக் குளிக்கத் தண்ணி ஊத்தறதும் அவருதான், தலை வாரி விடறதும் அவருதான். கெட்டவரா இருந்தா எப்பவோ சண்டை போட்டு முடிச்சிருப்பேன், நல்லவரா இருக்கறதுதான் எனக்குப் பெரிய தொல்லையா இருக்குது. நீ வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அவருக்குப் போன் பண்ணி, சமாதானமா போயிடுப்பான்னு சொல்லி வெச்சுக்கினு இருக்கே. அதை நிறுத்து. அவரு தயங்கறதுக்கு நீ முட்டுக் குடுக்காதே.

கொழந்தைக்கு ஏசி காத்து நேரா படாம படுக்க வை, மருமகளை வேளைக்குச் சாப்பிடச் சொல்லு. ஏகாம்பரநாதர் உங்க மூணு பேருக்கும் நெறஞ்ச ஆயுசு குடுக்கட்டும். ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோ. ஒவ்வொரு தடவையும் போன்ல, விழுந்த காலு எப்படிம்மா இருக்குதுன்னு கேக்கறே. உன் மாமியார் வீட்லயும் அப்படியே சொல்லி வெச்சிருக்கே, சம்பந்தியம்மா வந்து, இனிமே பார்த்து நடங்கன்னு எனக்குப் புத்தி சொல்லிட்டுப் போறாங்க. ஊரு சொன்னா நான் பதில் சொல்லிக்குவேன், என் வயித்துல பொறந்தவன் வாயில அதைக் கேட்கத்தான் முடியலடா, ராத்திரியில அழுதுட்டேன். நான் விழல சிவராஜு. என்னை இடிச்சாங்க. இதை நீ முதல்ல வாய் விட்டு உங்கப்பாகிட்ட சொல்லு, அவரு கோர்ட்டுல சொல்லிடுவாரு.

உன் அம்மா,
க. கமலவேணி